"தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்காரும் பிள்ளை

காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்ததும் ஆசிரியர் இடாப்பைத் திறப்பார். ஒரு வகுப்பில் 35 பெயர் என்று வையுங்கள். கூப்பிட்டு முடிக்க இரண்டு நிமிடம் போதும். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒருவன் பென்சில் சீவிக்கொண்டிருப்பான், ஒருத்தி பக்கத்துப் பிள்ளையோடு குசுகுசுத்துக்கொண்டிருப்பாள், பெயர் வந்ததும் தலையை நிமிர்த்தாமலே "பிரசன்ட் டீச்சர்" என்பார்கள். பேசும்போது சொல் திக்கி நிற்கிற, அதாவது கொன்னை உள்ள பிள்ளைக்கோ அன்றைய நாளின் ஆகக் கடினமான பாடம் அந்த இரண்டு நிமிடம்தான். தன் பெயர் 22ஆவது என்று அவனுக்குத் தெரியும். 15ஐக் கடக்கும்போது உள்ளங்கை வேர்க்கும். 19இல் தொண்டையடி இறுகும். 21 முடிந்ததும் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். "பிரசன்ட்" என்பதன் முதல் எழுத்து வெளியே வராது. வகுப்பு நிமிர்ந்து பார்க்கும். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்குவது கேட்கும்.

அடுத்த நாள் அவன் கையை மட்டும் உயர்த்துவான். அல்லது இருமுவான். அல்லது இடாப்புக் கூப்பிட்டு முடிந்த பிறகு வகுப்புக்குள் நுழைவதற்குக் கணக்காகப் பிந்தி வருவான். "பஸ் பிந்திட்டு டீச்சர்" என்று சொல்வதைவிட ஏச்சு வாங்குவது அவனுக்கு லேசு. இதை அறியாத ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்று முடிவு செய்துவிடுகிறார்.

இலங்கையின் கிழக்குக் கரையில், நம் பக்கத்தில் இதைக் கொன்னை என்பார்கள், திக்குவாய் என்றும் சொல்வார்கள். இரண்டுமே நல்ல சொற்கள்தாம், ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் "கொன்னையன்" என்று ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டால் அது வேறு. கொன்னை பேச்சில் சில நேரம் நிகழ்கிற ஒன்று. "கொன்னையன்" என்பது பிள்ளை முழுவதையும் விழுங்கிவிடுகிற பெயர். வீட்டிலும் வகுப்பிலும் இந்த ஒரு வேறுபாட்டையாவது கடைப்பிடிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

வாசிப்புப் பாடத்துக்கு வருவோம். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை வரிசையாக ஆளுக்கொரு பந்தி வாசிக்கச் சொல்வது ஆரம்பப் பிரிவில் அன்றாட வழக்கம். கொன்னை உள்ள பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? முன்னால் இருக்கும் தலைகளை எண்ணும். பந்திகளை எண்ணும். தனக்கு வரப்போவது ஏழாவது பந்தி என்று கண்டுபிடித்து, அதிலே எந்தச் சொல்லில் தான் நிற்கப்போகிறேன் என்று விரலால் தடவித் தேடும். முதல் ஆறு பந்தியும் காதில் விழாது. தன் முறை முடிந்த பிறகு நெஞ்சு படபடப்பு அடங்குவதற்குள் எட்டும் ஒன்பதும் போய்விடும். கடைசியில் ஆசிரியர் "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்டால் அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. கவனமில்லாத பிள்ளை என்று குறிப்பு விழும். அவனிடம் கவனம் மற்றவர்களைவிடக் கூடவே இருந்தது. அத்தனையும் ஒரே பந்தியில் செலவாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைவிட ஆழமாக வெட்டுவது "தெரியாது" என்ற ஒரு சொல். விடை தெரியும். ஆனால் விடையைச் சொல்ல வாயைத் திறந்தால் வகுப்பின் முன்னால் எட்டு வினாடி நின்று போராட வேண்டிவரும். "தெரியாது" என்று தலையை ஆட்டினால் ஒரு வினாடியில் உட்காரலாம். ஏழு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? இன்னும் சில பிள்ளைகள் சொல்ல லேசான பிழையான விடையைச் சொல்லிவிடுவார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று மனதில் நன்றாகத் தெரிந்திருக்கும், அந்தச் சொல் இறுகும் என்று முன்கூட்டியே தெரிவதால் "நாப்பது" என்பார்கள். பிழை விட்ட பிள்ளையாக நிற்பது திக்குகிற பிள்ளையாக நிற்பதைவிட மானம் குறையாத விடயம் என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

சொல் மாற்றுவதிலும் இவர்கள் கெட்டிக்காரர்கள். 'பென்சில்' வராது என்றால் "எழுதுறத தா" என்பார்கள். 'தண்ணி' வராது என்றால் "குடிக்க வேணும்". 'ஒளித்தொகுப்பு' வராது என்றால் "இலை சாப்பாடு செய்யிறது". கேட்பவருக்கு இது சொல்வளம் குறைந்த பிள்ளை போலத் தோன்றும். உண்மையில் ஒரு சொல்லுக்கு மூன்று மாற்றுச் சொல்லைத் தலைக்குள் தயாராக வைத்திருக்கிற பிள்ளை அது. மாற்றவே முடியாத சொற்களும் உண்டு. தன் பெயர், ஊரின் பெயர், தொலைபேசி இலக்கம், வாய்ப்பாட்டில் வரும் எண்கள். பெயர் கேட்டால் திணறுவதற்குக் காரணம் இதுதான். அங்கே தப்பி ஓட வேறு சொல் இல்லை.

இப்படி மாற்றி மாற்றிப் பேசி, தேவையானதைக் கேட்காமல் விட்டு, கொன்னையை முற்றாக மறைத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியிலே ஒரு திக்கலும் கேட்காது. "நல்ல அமைதியான பிள்ளை, கரைச்சல் இல்ல" என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டுக் கிடைக்கும். எனக்கு ஆகக் கவலை தருவது இந்தப் பிள்ளைகள்தான். கழிவறைக்குப் போகக் கேட்காமல் மூன்று பாடவேளை அடக்கிக்கொண்டிருப்பது, விளங்காத கணக்கைத் திருப்பிக் கேட்காமல் விடுவது, தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆசையிருந்தும் "விருப்பமில்ல" என்பது, எல்லாம் அமைதி என்ற பெயரில் நடக்கும்.

மூன்று வயதிலேயே சில பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சு மற்றவர்கள் போல இல்லை என்று தெரியத் தொடங்குகிறது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலானோருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே "அவனுக்கு இன்னும் விளங்காது, நாம் ஏன் சொல்லிக்காட்டுவான்" என்று வீட்டார் நினைப்பது பல நேரம் பிந்திய நினைப்பு. பேச்சைப் பற்றிப் பிள்ளைகள் என்ன எண்ணுகிறார்கள் என்று வினாக்கொத்து வைத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒரு கோலம் தெரிகிறது. திக்காத பிள்ளைகள் வயது கூடக் கூடத் தங்கள் பேச்சைப் பற்றி நல்லவிதமாக எண்ணுகிறார்கள், திக்குகிற பிள்ளைகள் வயது கூடக் கூட மோசமாக எண்ணுகிறார்கள். ஒன்றாம் தரத்தில் அருகருகே தொடங்கும் இரண்டு பாதைகள் எட்டாம் தரம் வரும்போது வெகுதூரம் விலகிவிடும்.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். திக்குகிற பிள்ளை என்றாலே தன்னம்பிக்கை இல்லாத பிள்ளை என்பது சரியல்ல. பொதுவான தன்மதிப்பை அளந்து பார்த்தபோது இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்தவர்களாக இல்லை என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவன் அதைப் பற்றிப் பெருமையாகத்தான் இருக்கிறான். கிழிசல் ஒரே ஒரு தையலில்தான், பேசும் இடத்தில். அந்தக் கிழிசலைக் கவனிக்காமல் விட்டால்தான் அது படிப்புக்கும் நட்புக்கும் பரவுகிறது. 2011இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், திக்கல் கடுமையாக உள்ளவர்கள் சராசரியாகக் குறைந்த படிப்போடு நின்றிருந்தார்கள். புத்தி குறைந்ததால் அல்ல. திக்கலுக்கும் புத்திக்கும் தொடர்பில்லை.

அப்படியென்றால் கொன்னை எதனால் வருகிறது? நாக்கு தடித்ததாலோ, நாக்குக் கட்டாலோ, யாரையாவது பார்த்துப் பழகியதாலோ வருவதில்லை. பேச்சுக்கு மூச்சும் தொண்டையும் நாக்கும் உதடும் நேரம் பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக இயங்க வேண்டும். அந்த நேர ஒழுங்கை நடத்தும் மூளைப் பாதைகள் சிலரில் சற்று வேறாக அமைந்திருக்கின்றன. குடும்ப வழியாக வருவது அதிகம். 2010இல் சில மரபணுக்கள்கூட அடையாளம் காணப்பட்டன. விசாரித்துப் பார்த்தால் ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருப்பார், "அவரும் சின்னனில இப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள்.

நம் கரையில் இன்னொரு விளக்கம் வேரூன்றியிருக்கிறது: பயந்த கோளாறு. போர்க்கால ஷெல் சத்தத்தில் பயந்தான், 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் வந்த அன்று பயந்தாள், அதற்குப் பிறகுதான் வாய் திக்கத் தொடங்கியது என்று சொல்லும் குடும்பங்கள் கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை உண்டு. அந்த நாட்களின் துயரத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கொன்னை இயல்பாகத் தொடங்கும் வயது இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில். அந்த வயதில் ஒரு பெரும் நிகழ்வு நடந்துவிட்டால் இரண்டையும் மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதிர்ச்சியால் புதிதாகத் திக்கல் தொடங்குவது உண்டு, ஆனால் அரிது. "நான் கையை விட்டுட்டன், அதாலதான் புள்ள பயந்திட்டான்" என்று ஆண்டுக்கணக்காகத் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: உங்களால் வந்ததல்ல.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் வருவதில்லை. அம்பாறைப் பக்கம் தமிழும் சிங்களமும் கலந்து கேட்டு வளரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் "ஒரு மொழிய விடுங்க" என்று சொல்லப்படுவதுண்டு. தேவையில்லை.

மருந்து என்ற பெயரில் நடப்பவற்றில் சிலது பிள்ளைக்குக் கேடு. வசம்பை உரைத்து நாக்கில் திரும்பத் திரும்பத் தடவுவது வாந்தியைக் கொண்டுவரும், கொன்னையை மாற்றாது. வாய்க்குள் கூழாங்கல் வைத்துப் பேசப் பழக்குவது தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. திக்கலுக்காக நாக்கின் அடியை வெட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நேர்த்தி வைப்பதிலும் தண்ணி ஓதிக் கொடுப்பதிலும் பிள்ளைக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. ஒரேயொரு வேண்டுகோள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு "இவன்ட இந்தக் கொன்னைய மாத்திக் குடு" என்று கண்ணீரோடு கேட்காதீர்கள். கடவுளிடம் முறையிடுமளவுக்குத் தன்னில் ஏதோ பெரும்பிழை இருக்கிறது என்றுதான் அது பிள்ளைக்குக் கேட்கும்.

"வளர வளர மாறும்" என்பது பாதி உண்மை. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்குகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள், அது விட்டுப்போகிறது. வளர்ந்தவர்களில் நூறுக்கு ஒருவர் அளவில் நிலைக்கிறது. சிறு வயதில் ஆண் பெண் வித்தியாசம் அவ்வளவு இல்லை. பெண்பிள்ளைகளுக்கு விட்டுப்போவது அதிகம் என்பதால் பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நாலு ஆண்கள் என்று ஆகிவிடுகிறது. யாருக்கு மாறும், யாருக்கு நிற்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அடையாளங்கள் உண்டு. குடும்பத்தில் பெரியவராகியும் திக்குகிறவர் இருப்பது, பிள்ளை ஆணாக இருப்பது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியது, ஆறு மாதம் கடந்தும் குறையாதது, எழுத்துகளை உச்சரிப்பதிலும் சிக்கல் இருப்பது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் "பார்ப்பம்" என்று இருக்கக் கூடாது.

எல்லாத் தடக்கலும் கொன்னையல்ல. "அம்மா, நான், நான், நான் போனன்" என்று முழுச் சொல்லைத் திருப்பிச் சொல்வது, "ம்ம்..." என்று யோசிப்பது எல்லாம் பேசப் பழகும் பிள்ளையின் இயல்பு. "அ-அ-அ-அம்மா" என்று முதல் ஒலி மூன்று நாலு தரம் உடைவது, "சீஈஈஈனி" என்று இழுபடுவது, வாயைத் திறந்தும் சத்தமே வராமல் நிற்பது, இந்த மூன்றும்தான் கொன்னை. நூறு சொல் பேச்சில் இப்படி மூன்றுக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடுவது, காலால் தரையைத் தட்டுவது, தாடையை வெட்டுவது சேர்ந்துவிட்டால் பிள்ளை சொல்லோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சரி, கொன்னையைப் பற்றி வீட்டில் பேசாமலே விட்டால் பிள்ளைக்கு மறந்துபோகுமா? அப்படி நம்பிய காலம் ஒன்று இருந்தது. இதோடு தொட்ட ஒரு கொடுமையான சோதனையை இங்கே சொல்ல வேண்டும். 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் அநாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரை வைத்து, வெண்டெல் ஜோன்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டலில் மேரி டியூடர் என்ற மாணவி ஆய்வு செய்தார். ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த 6 பிள்ளைகளிடம் "உனக்குத் திக்குகிறது, கவனமாகப் பேசு, முடியாவிட்டால் பேசாதே" என்று மாதக்கணக்கில் சொல்லிவந்தார்கள். பேச்சைக் குறை சொன்னால் கொன்னை பிறக்கும் என்பதுதான் அவர்கள் சோதித்த எண்ணம். கொன்னை பிறக்கவில்லை. பிறந்தது வெட்கம். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள், ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்கள், படிப்பில் பின்வாங்கினார்கள். 2001இல் அந்தப் பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. திக்கலே இல்லாத பிள்ளைகளை இந்தளவுக்கு ஒடுக்க வெறும் குறைசொல்லலே போதுமென்றால், திக்கலும் இருந்து குறைசொல்லலும் சேர்ந்த பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஒளிப்பதும் வேண்டாம், குறைசொல்வதும் வேண்டாம். சொல் இறுகி நின்று ஒருவாறு வெளியே வந்த பிறகு, "அந்தச் சொல் கொஞ்சம் இறுகிட்டு, என்ன மனே? பரவால்ல, எனக்கு அவசரமில்ல" என்று சாதாரணக் குரலில் சொல்லலாம். காலில் கல் தடக்கினால் எப்படிச் சொல்வோமோ அப்படி. வீட்டில் பேசக்கூடிய விடயமாக அது மாறினால்தான், பள்ளிக்கூடத்தில் யாரோ பழித்த அன்று பிள்ளை வந்து சொல்லும்.

"ஆறுதலாச் சொல்லு", "மூச்ச இழுத்துப் போட்டுச் சொல்லு", "யோசிச்சுக் கதை" என்ற மூன்றும் அன்பால் வருகிற சொற்கள்தாம். பிள்ளைக்குக் கேட்பதோ வேறு: நான் என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை, எப்படிச் சொல்கிறேன் என்றுதான் பார்க்கிறார்கள். மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்குவது கொஞ்ச நாள் உதவுவது போல இருந்து, பிறகு அதுவே ஒரு திணறலாகப் பழகிவிடும். சொல்லை நாமே முடித்துக் கொடுப்பதும் அப்படித்தான். பாதி நேரம் பிழையான சொல்லைக் கொடுப்போம், பிள்ளை அதையும் "ஓம்" என்று ஏற்றுக்கொண்டு தான் நினைத்ததை விட்டுவிடும்.

பிள்ளையின் பேச்சைத் திருத்துவதற்குப் பதிலாக நம் பேச்சைத் தணிப்பதுதான் வேலை செய்யும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், கிழமைக்கு நாலைந்து நாள். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். விளையாட்டைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். தண்ணீர்ச் சட்டியில் கடதாசித் தோணி விடுகிறார்கள் என்று வையுங்கள்.

"உம்மா, அ-அ-அந்தத் தோணி கவுண்டு போச்சி."

உம்மா உடனே பதில் சொல்லக் கூடாது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மெதுவாக, "ஓம்... கவுண்டு போச்சி. தண்ணி உள்ளுக்குப் போயிட்டு போல."

இவ்வளவுதான். இதில் மூன்று விடயம் நடந்திருக்கிறது. இடையில் ஒரு நிதானம் விழுந்தது, அதனால் பேச்சுக்குப் பேச்சு முந்த வேண்டும் என்ற ஓட்டம் நின்றது. பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொன்னதால் கேட்டாகிவிட்டது என்று தெரிந்தது. "ஏன் கவுண்டது? எத்தின தோணி செஞ்ச? என்ன நிறம்?" என்று கேள்வி அடுக்காமல் ஒரு கருத்தை மட்டும் வைத்ததால், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நெருக்கமில்லை. விரும்பினால் பேசும், இல்லாவிட்டால் தோணியை நிமிர்த்தும். முதல் இரண்டு கிழமை பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். நம் ஊர்களில் எல்லோரும் ஒன்றாகப் பேசித்தான் பழக்கம், சோறு தின்னும் நேரம் கேட்கவே வேண்டாம். அங்கேயும் ஒரு ஒழுங்கு வைக்கலாம்: ஒருவர் பேசி முடியும் வரை மற்றவர் வாய் திறப்பதில்லை. கொன்னை உள்ள பிள்ளைக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும் அதே சட்டம்.

ஒழுங்காகப் பேசிய நாளில் "இண்டைக்கு வடிவாக் கதைச்சாய்" என்று புகழ்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற நாள் பேச்சு வடிவில்லாதது என்று அது சொல்லாமல் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம் முறையில் பெற்றோர் தடக்கமில்லாத பேச்சைப் பாராட்டுவது இருக்கிறது, பலனும் தருகிறது. ஆனால் அது எத்தனை தரம், எப்போது, எந்தச் சொற்களில் என்று சிகிச்சையாளர் கிழமைக்குக் கிழமை பார்த்து அளந்து கொடுக்கும் முறை. வாசித்துவிட்டு நாமே செய்யக்கூடியதல்ல. நெதர்லாந்தில் 199 சிறு பிள்ளைகளை வைத்து இந்த முறையையும், வீட்டுச் சூழலின் நெருக்கத்தைத் தணிக்கும் இன்னொரு முறையையும் ஒப்பிட்டார்கள். 2015இல் வெளியான முடிவுப்படி 18 மாத முடிவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. எந்த முறை என்பதைவிட, ஒரு முறையை விடாமல் செய்வதே பெரிது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கேதான் நமக்கு இடிக்கிறது. பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கான படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் இருக்கிறது, ஆனால் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் தேவையோடு பார்க்க மிகக் குறைவு. பொத்துவிலில் இருந்து மட்டக்களப்பு நகரம் நூறு கிலோமீற்றரளவு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துக் கூலித் தொழிலாளிக்குக் கிழமைக்கொரு நாள் கிளினிக் என்பது கிழமைக்கொரு நாள் சம்பளம் போவது. அதனால் போகும் ஒவ்வொரு தடவையும் பயன்பட வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ முதலில் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலும் வாய் திறந்து சொல்லலாம். பல்லும் கண்ணும் பார்க்கும் அவசரத்தில் பேச்சை யாரும் தாமாகக் கேட்க மாட்டார்கள். கடிதம் வாங்கிப் போகும்போது போனில் எடுத்த இரண்டு வீடியோ கொண்டு போங்கள். ஒன்று விளையாடும்போது, மற்றது ஏதாவது வாசிக்கும்போது, ஒவ்வொன்றும் மூன்று நாலு நிமிடம். கிளினிக்குக்குப் போன அன்று பார்த்துப் பிள்ளை ஒரு தடக்கமும் இல்லாமல் பேசிவிடும், அது வழமை. தொடங்கிய மாதம், குடும்பத்தில் யாருக்கு இருந்தது, எந்த இடத்தில் கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைச் சிகிச்சையாளர் காட்டும்போது அதையும் அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எட்டு ஒன்பது வயதுக்கு மேலான பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சியை அருகிலிருந்து பார்ப்போம். 'பந்து' என்ற சொல் நிற்கிறது. முதலில் கையைப் பொத்தி முழுப் பலத்தோடு இறுக்கச் சொல்வார்கள். பிறகு பாதி இறுக்கம். பிறகு பொத்தினபடியே, ஆனால் இறுக்கம் இல்லாமல். கை அதைப் படித்ததும் உதட்டுக்கு வருவார்கள். வேண்டுமென்றே உதடுகளை ஒட்டி இறுக்கி 'ப'வில் நிற்பது. எங்கே இறுகுகிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பது. அப்படியே நின்றபடி, உதட்டைப் பிரிக்காமல், இறுக்கத்தைப் பாதியாக்குவது. இன்னும் தளர்த்தினால் காற்று தானாகக் கசிந்து 'பந்து' நழுவி வெளியே வரும். ஒரு இருப்பில் பத்துத் தரம், வேறுவேறு சொல்லோடு. இதன் பெறுமதி சொல் நழுவுவதில் மட்டும் இல்லை. இதுவரை தன்மேல் வந்து விழுந்த ஒன்றைப் பிள்ளை தானே வேண்டுமென்று செய்து, தானே அவிழ்த்துப் பார்க்கிறது. பயம் அந்த இடத்தில்தான் குறைகிறது. பிழைக்கும் இடமும் உண்டு: வீட்டார் இதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திக்கலின்போதும் "டெக்னிக்கப் போடு, டெக்னிக்கப் போடு" என்று நச்சரிப்பது. பயிற்சி பயிற்சி நேரத்துக்கு. மற்ற நேரம் பிள்ளை பேசட்டும்.

கூத்துப் பழகும் ஊர்களில் ஒரு விடயத்தைக் காணலாம். களரியில் தாளத்தோடு வரவுப் பாட்டுப் பாடும்போது ஒரு சொல்லும் இடறாத பொடியன், வசனம் வந்ததும் நிற்பான். மத்ரஸாவிலும் அதுவே. ஓதக்குள்ள வருது, கதைக்கக்குள்ள வரல்ல. பாட்டிலும் ஓதலிலும் நேர ஒழுங்கைத் தாளமும் இராகமும் வெளியிலிருந்து கொடுத்துவிடுகின்றன, மூளை தானே அதை நடத்தத் தேவையில்லை. ஆகவே "பாடக்குள்ள நல்லா வருது, கதைக்கக்குள்ள மட்டும் நடிக்கிறான்" என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். நடிப்பல்ல. இதே காரணத்தால் இருவர் சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆசிரியருக்குக் கிடைத்த ஆகப் பெரிய சாதனம் இது, செலவும் இல்லை.

எல்லோரையும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாசிக்கச் சொன்னால், கொன்னை உள்ள பிள்ளை தனித்துத் தெரியாமலே வகுப்பில் அதன் குரல் கேட்கும். சில கிழமைக்குப் பிறகு, பிள்ளை சம்மதித்தால், முதல் வரியைச் சேர்ந்து வாசித்துவிட்டு அடுத்ததைத் தனியாக. வாசிப்பை ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று நேரம் வைத்து அளப்பது இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. அது வாசிப்பை அளக்காது, திக்கலைத்தான் அளக்கும். விளங்கியதா என்று பார்க்க எழுதச் சொல்லலாம், படத்தைக் காட்டச் சொல்லலாம். வாய்மொழிச் சோதனை என்றால் நேர எல்லையை எடுத்துவிடுங்கள். வரிசைப்படி கூப்பிடும்போது காத்திருக்கும் நேரம்தான் கொல்லும், ஆகவே முதல் இரண்டு மூன்று பேருக்குள் கூப்பிடுங்கள். இடாப்புக்கு "பிரசன்ட்", "உள்ளேன்", "ஓம் டீச்சர்", கை உயர்த்துவது, எதுவானாலும் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக அனுமதித்துவிட்டால் ஒருவனுக்கு மட்டும் சலுகை என்ற பேச்சே வராது.

பாவம் என்று முற்றாக விட்டுவிடுவதும் கூடாது. ஒரு தவணை முழுக்கக் கேள்வியே கேட்கப்படாத பிள்ளை, "என்னால் முடியாது என்று டீச்சருக்கும் தெரிந்துவிட்டது" என்று முடிவெடுக்கும். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "வாசிக்கக்குள்ள உனக்கு எப்பிடி இருந்தா லேசு?" பிள்ளைக்கு அதற்கான பதில் தெரிந்திருக்கும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பழிப்பைப் பற்றிச் சுருக்கமாக. "கவனியாத, அவங்க சும்மா சொல்றாங்க" என்பது பிள்ளையைத் தனியே விடுவது. ஒரு விடைவசனத்தை வீட்டில் பழக்கிவிடுங்கள்: "ஓம், நான் திக்கித்தான் கதைக்கிறன். முடிக்க விடு." இதைத் திக்கியே சொன்னாலும் பரவாயில்லை, திக்கிச் சொன்னால் இன்னும் நல்லது. பழித்துக்காட்டிய பிள்ளையை ஆசிரியர் வகுப்பின் முன்னால் அடித்தால் பழி இடைவேளையில் திரும்பி வரும். தனியாகக் கூப்பிட்டு, கொன்னை என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் அதோடு நிற்கும். பழிக்கிற பிள்ளைக்கும் அது என்னவென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதிய வகுப்பு தொடங்கும் முதல் கிழமையிலேயே பெற்றோர் ஆசிரியருக்கு ஒரு சிறு கடிதம் கொடுப்பது நல்லது. நேரில் சொன்னால் 35 பிள்ளைகளின் நடுவே மறந்துபோகும். எழுதுவதைப் பிள்ளைக்கு வாசித்துக்காட்டி, அதன் விருப்பத்தையும் கேட்டு எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் மகனுக்குப் பேசும்போது சில சொற்கள் நின்று வரும். புத்தியிலோ காதிலோ குறையில்லை. சொல் நிற்கும்போது தயவுசெய்து முடித்துக் கொடுக்காமல், அவனுடைய முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். வேறு யாரையும் இடையில் பதில் சொல்ல விடவேண்டாம். சேர்ந்து வாசிக்க அவனுக்கு விருப்பம், தனியாக வாசிக்க முதல் தவணையில் பயமாக இருக்கிறது என்கிறான். இரண்டாம் தவணையில் தானே கேட்பதாகச் சொல்லியிருக்கிறான். இடாப்பில் கை உயர்த்த அனுமதியுங்கள். கேள்வி கேட்டு அவன் 'தெரியாது' என்று சொன்னால், ஒருதரம் கொப்பியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்."